கப்பலில் தோன்றிய காந்தி படம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்று ஒரு ஊர். செட்டிநாட்டுப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் 1911-ல் பிறந்த ஒருவர், இருபத்தாறு வயது நிறையும் முன்பே, யாரும் கேட்காமல் ஒரு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். காந்தியின் வாழ்க்கையை, காந்தி உயிரோடு இருக்கும்போதே, படமாகத் தொகுக்க வேண்டும். நடிகர்களை வைத்து அல்ல. உலகத்தில் எங்கெங்கே யார் யார் காந்தியைக் கேமராவில் பிடித்தார்களோ, அத்தனையையும் தேடி எடுத்து. 1940-ல் படம் வெளியாகிவிட்டது. அதுவும் முதலில் தமிழில்!

அவர் பெயர் ஏ.கே.செட்டியார். அ.கருப்பன் செட்டியார் என்பதுதான் அந்த ஏ.கே. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே பிறகு அவருக்குப் பட்டம் மாதிரி ஆகிவிட்டது. பயணக் கட்டுரை எழுதியவர் என்று சிலருக்குத் தெரியும். 'குமரி மலர்' பத்திரிகை நடத்தியவர் என்று இன்னும் சிலருக்கு. டாக்குமெண்டரி எடுத்தவர் என்று தெரிந்தவர்கள் குறைவு. படம் கண்ணில் பட்டால்தானே தெரியும்? அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் என் பக்கத்து மேசை வங்காளி தாதா. கொல்கத்தாவில் சினிமாப் பேச்சு வந்தால் ரேயில் ஆரம்பித்து ரேயில் முடிப்பார்கள், உங்களுக்கே தெரியும். இவர் கொஞ்சம் வித்தியாசம். ஹீராலால் சென்னில் ஆரம்பிப்பார். டிபன் நேரத்தில் ஒருநாள், "இந்தியாவில் முதல் அரசியல் படம் எடுத்தது எங்க ஆள்தான், 1905-ல்" என்றார். உங்க ஆளுக்கு ஈடாக எங்க ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நான் செட்டியாரைச் சொன்னேன். பேச்சு லோன் ஃபைலையெல்லாம் தாண்டி நாலு மணிவரை போனது. அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

செட்டியார் வெளிநாடு போன கதை நம்மில் பலருடைய கதைபோலத்தான் ஆரம்பிக்கிறது. ஊர்வழக்கப்படி பர்மா. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போவது நமக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருகிற மாதிரி. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர வேண்டும். பொதுவாக மூன்று வருஷம் ஒரு தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பல். (மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டும் பாங்க் ஊழியர்கள் பெருமூச்சு விடலாம்.) 1930-க்குப் பின் வந்த விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தன. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் அவர்கள் பேரில் இருந்தது. கொடுத்த பணம் நிலமாக உறைந்துபோன நேரம். பர்மியர்களின் கோபமும் ஏறிக்கொண்டிருந்த நேரம்.

அந்த ரங்கூனில் நம் ஆள் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்காரவில்லை. 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அதற்கு முன்பே கதை எழுதிப் பார்த்தவர். பிறகு ரங்கூனிலிருந்து டோக்கியோ போய்ப் புகைப்படக் கலை படித்தார். அங்கிருந்து நியூயார்க் போய் மேற்கொண்டு படித்தார். 1930-களில் ஒரு செட்டிநாட்டுப் பையன் கேமரா படிக்க ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறான் என்றால் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பெட்டியடிக்குப் போகாமல் படம் பிடிக்கவா?" என்று யாராவது ஒரு பெரியப்பா கேட்காமலா இருந்திருப்பார் :-)

1937 அக்டோபர் 2. படிப்பு முடிந்து நியூயார்க்கிலிருந்து 'சமாரியா' என்ற கப்பலில் அயர்லாந்தின் டப்ளினை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். நடு அட்லாண்டிக். அன்று காந்தி ஜெயந்தி. கப்பலில் அதைக் கொண்டாட யாரும் இல்லை. அந்த நாளில்தான் காந்தியைப் பற்றி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது.

இந்த யோசனை கோட்டையூரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வந்திருக்காது என்பது என் எண்ணம். தேசபக்தி அங்கே குறைவு என்பதால் அல்ல. காந்தியின் படங்கள் எங்கே கிடக்கின்றன என்பது ஊரில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

கொஞ்சம் விளக்குகிறேன். காந்தியை அதிகம் படம் பிடித்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் வெள்ளைக்கார நியூஸ்ரீல் கம்பெனிக்காரர்கள். பாத்தே, கோமான்ட், ஃபாக்ஸ், பாரமவுண்ட் என்று ஒரு கூட்டமே இருந்தது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் வாரச் செய்தி ஓட்டுவது அவர்கள் தொழில். 1931-ல் ஃபாக்ஸ் மூவிடோன்காரர்கள் குஜராத்தில் போர்சத் வரைக்கும் ஒலிப்பதிவுச் சாமான்களோடு போய் காந்தியைப் பேச வைத்துப் படமெடுத்தார்கள். அதே வருஷம் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது கேமராக்கள் மொய்த்தன. லங்காஷயரில் அவர் சொன்ன பகிஷ்காரத்தால் வேலை போன மில் தொழிலாளிகளே, டார்வென் ஊரில் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்தார்கள். திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் ரோமேன் ரோலண்டைப் பார்த்தார், ரோமுக்குப் போனார். ஆக, காந்தியின் நடமாட்டம் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் டப்பா டப்பாவாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவிலோ நிலைமை வேறு. 1930 உப்பு யாத்திரையை நம்மூர்க் கம்பெனிகள் சிலவும் படமெடுத்தன. அரசாங்கம் அவற்றைத் தடை செய்தது. ஆகவே காந்தியின் சொந்த நாட்டில் காந்தியின் படத்தைக் காட்டக்கூடாது. அயல்நாட்டு நியூஸ்ரீல் லைப்ரரியில் அடிக்கு இத்தனை என்று விலை கொடுத்தால் வாங்கலாம்! இது நியூயார்க்கில் கேமரா படித்தவனுக்குத்தான் தெரியும். ஊரை விட்டுத் தள்ளி நின்றதால் கிடைத்த அறிவு அது. நாமெல்லாம் எதையெல்லாம் இழந்தோம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். தூரம் சிலவற்றைக் கண்ணில் காட்டவும் செய்கிறது.

இங்கே ஒரு சின்ன விலகல், கொல்கத்தாக்காரர்களுக்காக. அதே 1937-ல்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. அது எங்கே எடுத்த படம் தெரியுமா? இங்கேதான், கொல்கத்தாவில், ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனி ஸ்டுடியோவில். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. சென்னையில் ஸ்டுடியோக்கள் சரியாக வேரூன்றாத காலம். நடிகர், பாடகர், மேக்கப்காரர் என்று ஒரு கூட்டமே ரயில் ஏறி இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கிப் படம் முடித்துப் போகும். தமிழன் பேசும்படம் எடுக்க வங்காளத்துக்கு வருகிறான், அமெரிக்கன் தமிழ்ப்படம் எடுக்க இந்தியாவுக்கு வருகிறான், இன்னொரு தமிழன் காந்தியைத் தேடி அமெரிக்காவிலிருந்து கப்பலேறுகிறான். எல்லாம் ஏறத்தாழ ஒரே காலம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

செட்டியார் ஊர் திரும்பி 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். டாக்குமெண்டரி என்ற சொல்லே சினிமாவுக்குள் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. டாக்குமெண்ட் என்றால் நம் ஆட்களுக்குப் பத்திரம், அடமானம் இதுதான் ஞாபகம் வரும். பிரிட்டிஷ் சர்க்கார் யுத்தப் பிரசாரத்துக்காக ஃபிலிம் அட்வைசரி போர்டு ஏற்படுத்தியது 1940-ல். நம் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது 1948-ல். இதெல்லாம் வருவதற்கு முன்பே தனி ஆள் ஒருவர் இதற்கென்று ஒரு லிமிடெட் கம்பெனி வைத்துக் கிளம்புகிறார்.

தொழில்புத்தி விடுமா? இது ஒரு கடன் விண்ணப்பமாக என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். விண்ணப்பதாரர் வயது இருபத்தாறு. முன் அனுபவம், பத்திரிகை நடத்தியது. முழுப் படம் எதுவும் எடுத்ததில்லை. கச்சாப்பொருள், மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கும் ஃபிலிம். அது எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன விலை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கதாநாயகர் எந்த நேரமும் ஜெயிலுக்குப் போகக்கூடியவர். தவிர அவருக்கு சினிமா என்றாலே ஆகாது (1927-28-ல் சினிமா விசாரணைக் கமிட்டி கேட்டபோதே இதனால் தீமைதான் என்று பதில் அனுப்பியவர்). பாட்டு உண்டு, டான்ஸ் கிடையாது. தயாரான சரக்கை சர்க்கார் எந்த நிமிஷமும் தடை செய்யலாம். ஈடு, ஒன்றும் இல்லை. இரண்டே நிமிஷத்தில் ஃபைலை மூடியிருப்பேன். மேலதிகாரி யாராக இருந்தாலும் என் முடிவைச் சரி என்றுதான் சொல்வார்.

ஆனாலும் அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மனிதனைப் பார்த்துக் கடன் கொடுக்கிற பழைய வழக்கத்துக்கு இது நல்ல உதாரணம். நம் பாங்கிங் பாடப்புத்தகங்களிலும் அது ஒரு வரியாக இருக்கிறது, செயலில்தான் இல்லை.

பிறகு அலைச்சல். 1938-லிருந்து 1940 வரை நாலு கண்டங்கள், ஒரு லட்சம் மைல் என்று கணக்குச் சொல்கிறார்கள். விமானம் ஏறி ராத்திரியோடு போய்ச் சேருகிற காலம் இல்லை. கப்பல், ரயில், மறுபடி கப்பல். லண்டன் போனார். தென்னாப்பிரிக்கா போனார். ரோமேன் ரோலண்டைச் சந்தித்தார். இந்தத் தேடலையெல்லாம் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்துப் புத்தகமாக வந்திருக்கிறது. வாங்கிப் படியுங்கள். படம் எடுத்தவர் என்ற அலட்டலே இருக்காது. ஒரு ஆபீஸில் உட்கார வைத்தார்கள், ஒரு ஆபீஸில் இல்லை என்றார்கள், இன்னொரு முகவரி கொடுத்தார்கள் என்றே போகும். எனக்கு அதில்தான் ருசி.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தி காந்தியானது அங்கேதான். அவரை அப்படி ஆக்கியதில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள், சுரங்கத்துக்குப் போனவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். 1913 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோன வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. தில்லையாடி என்று நாம் அவள் பெயருக்கு முன்னால் சேர்க்கிறோம். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான், அது அவள் பெற்றோரின் ஊர். வேற்று நாட்டில் நம் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இந்த ஊர்ப்பெயர் விவகாரம் நன்றாகவே புரியும்! புலம்பெயர்ந்த குஜராத்தி வக்கீலைப் புலம்பெயர்ந்த தமிழர்கள் தலைவராக்கினார்கள். அவரைத் தேடி இன்னொரு புலம்பெயர்ந்த தமிழர் போகிறார்.

சேர்ந்த ஃபிலிம் சுமார் 50,000 அடி. எடுத்தவர்கள் ஏறத்தாழ நூறு கேமராக்காரர்கள், முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில். புதிதாகவும் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. பாரிஸில் படித்துவந்த பி.வி.பதி என்ற பெரிய கேமராக்காரர் இந்தப் படத்துக்காக வேலை செய்திருக்கிறார்.

50,000 அடி என்றால் என்ன? 35 மில்லிமீட்டர் ஃபிலிம், பேசும்பட வேகத்தில், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் ஒன்பதேகால் மணி நேரம். ஆயிரம் அடி ஒரு டப்பா என்று வைத்தால் ஐம்பது டப்பா. எடை நூறு கிலோவுக்கு மேல். அதுவும் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம். வெடிமருந்துக்குப் பங்காளி அது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, தன் ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும். இதைக் கடல் கடந்து, சுங்கம் கடந்து, சென்னை வெயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகு இன்னொரு தலைவலி. மௌனப்பட காலத்தில் கைப்பிடியைச் சுற்றி எடுத்த ஃபிலிமில் நொடிக்குப் பதினாறு கட்டம்போல இருக்கும். பேசும்பட மெஷின் நொடிக்கு இருபத்துநாலு கட்டம் ஓட்டும். அப்படியே போட்டால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார்கள். பழைய படங்களில் காந்தி விடுவிடுவென்று போவதைப் பார்த்திருப்பீர்கள். பாதி அவருடைய வேகம், மீதி மெஷினுடைய வேகம்! ஒரு காட்சி வெளிறியிருக்கும், அடுத்தது கறுத்திருக்கும், ஒன்று பிரதிக்குப் பிரதி எடுத்த மங்கல். நூறு கைகள் எழுதிய பேரேட்டை ஒரே கணக்காக ஐந்தொகை போடுகிற வேலை. வவுச்சரைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், கணக்கு எழுதுவது சுலபம், வவுச்சர் சேர்ப்பதுதான் கஷ்டம்.

கடைசியில் 12,000 அடியாக வெட்டி ஒட்டினார்கள். இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சேர்த்ததில் முக்கால் பங்கு வெளியே போய்விட்டது. தேடித் திரிந்து காசு கொடுத்து வாங்கியதை வேண்டாம் என்று வைப்பதற்கு எவ்வளவு மனஉறுதி வேண்டும்!

1940 ஆகஸ்டில் தமிழ்ப் படம் திரைக்கு வந்தது. பின்னால் தெலுங்கிலும் வந்தது. யுத்தம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்துவிட்டன. அந்த நேரத்தில் ஜனங்கள் தியேட்டரில் உட்கார்ந்து காந்தி நடப்பதையும் சிரிப்பதையும் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் அவரை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பார்த்திருந்தால் அதிர்ஷ்டம். டெலிவிஷன் பிறந்த பிறகு பிறந்த நமக்கு அந்த அனுபவம் என்னவென்று ஊகிக்கத்தான் முடியும்.

ஆனால் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தனிநபர் சத்தியாக்கிரகம், அப்புறம் 1942. சர்க்கார் பறிமுதல் செய்துவிடும் என்ற பயத்தில் படத்தை மறைத்து வைக்க வேண்டியதாயிற்று. மறுபடி அது பெரிய மனிதர்கள் கண்ணில் பட்டது சுதந்திரம் வந்த சமயத்தில், தில்லியில் திரையிடப்பட்டபோது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று பேலியாகட்டா ஞாபகம் வந்தது. கொல்கத்தாவில் கிழக்குப் பக்கம் இருக்கிற இடம். அங்கே ஹைதரி மன்ஸில் என்ற பழைய வீடு. இன்று காந்தி பவன் என்று பெயர் மாற்றி நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். தில்லியில் கொடி ஏறிய அன்று காந்தி தில்லியில் இல்லை, இந்த வீட்டில் இருந்தார். ஆகஸ்ட் 13-ம் தேதி சுஹ்ரவர்தியோடு இங்கே வந்து தங்கினார். சுதந்திர தினத்தன்று உபவாசம், பிரார்த்தனை, ராட்டை. பி.பி.சி. ஒரு செய்தி கேட்டபோது மறுத்துவிட்டார். கலவரம் மறுபடி கிளம்பியதும் செப்டம்பர் 1-ம் தேதி சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தார். ஊர் அடங்கிய பிறகு 4-ம் தேதி முடித்தார். தலைநகரத்தில் அவருடைய நிழலைத் திரையில் பார்க்கிறார்கள். அவரோ இங்கே, முதல்நாள் கல்லெறிந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். 

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியில் ஒரு வடிவம் வந்தது. செட்டியார் அமெரிக்கா போய் ஆங்கில வடிவத்துக்கும் ஏற்பாடு செய்தார். 1953-ல் 'மகாத்மா காந்தி: ட்வென்டியத் சென்சுரி ப்ராஃபெட்' என்ற பெயரில் அங்கே வெளியானது. குவென்டின் ரெனால்ட்ஸ் என்ற பிரபல பத்திரிகைக்காரர் குரல் கொடுத்திருந்தார். அமெரிக்க ரசிகர்களுக்காக வெட்டித் திருத்தியதில் அளவு குறைந்து ஒன்றேகால் மணி, ஒன்றரை மணிக்குள் வந்துவிட்டது.

இதற்குமேல் அவர் சினிமாவைத் தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம். அவ்வளவு பெரிய காரியம் செய்தவர் ஸ்டுடியோ வைக்கவில்லை, அரசியலுக்குப் போகவில்லை. 1943-ல் தொடங்கிய 'குமரி மலர்' மாதப் பத்திரிகையைக் கடைசிவரை நடத்தினார். அதிலும் செய்தது சேகரிப்புதான். பழைய பத்திரிகைகளில் மறந்துபோன கட்டுரைகள், யாரோ எப்போதோ எழுதிய பயணக் குறிப்புகள் என்று தேடி மறுபடி அச்சேற்றினார். நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். மற்றவர்கள் எடுத்த படத்தைச் சேர்த்த அதே கை, மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்தது. 1983 செப்டம்பரில் காலமானார். இதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா என்ற இன்னொரு செட்டியார், சைன்போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டு, வீடு கொள்ளாமல் பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார். அதுதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்த ஊர்த் தண்ணீரில் என்னதான் இருக்கிறதோ!

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன கதை. அத்தனையும் சேர்த்தவரின் படமே காணாமல் போயிற்று.

தமிழ் வடிவம் போன இடம் தெரியவில்லை. பல வருஷம் எந்த வடிவமுமே கிடைக்காமல் இருந்து, 2000-களில்தான் வேங்கடாசலபதி தேடித்தேடி ஆங்கில வடிவத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டுபிடித்தார். அது வெட்டப்பட்ட அமெரிக்கப் பிரதி. நமக்கென்று, நம் மொழியில், 1940-ல் நம் தாத்தா பாட்டிகள் பார்த்த அந்த 12,000 அடி இல்லை.

வங்காளி தாதாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அவருடைய ஹீராலால் சென்னும் வெளியூர்க்காரர்தான், இன்று பங்களாதேஷில் இருக்கும் மாணிக்கஞ்ச் பக்கத்துக் கிராமம். 1898-ல் தம்பியோடு ராயல் பயாஸ்கோப் கம்பெனி ஆரம்பித்தார். கிளாசிக் தியேட்டர் நாடகங்களைப் படமெடுத்தார். ஜபாகுசும் தலை எண்ணெய்க்கு விளம்பரப் படம்கூட எடுத்தார். 1905 செப்டம்பர் 22 அன்று டவுன் ஹாலில் வங்கப் பிரிவினையை எதிர்த்து நடந்த பெரிய கூட்டத்தைப் படம் பிடித்தார். 1917 அக்டோபரில் கிடங்கு தீப்பிடித்து எல்லாம் போயிற்று. புற்றுநோயில் கிடந்த அவரும் அதே மாதம் போனார். ஒரு அடி ஃபிலிம்கூட மிச்சமில்லை. "உங்க ஆளுக்காவது அமெரிக்காவில் ஒரு காப்பி இருந்தது" என்றார் தாதா.

சென் படம் எரிந்தது. அது முடிந்த கதை. செட்டியார் படம் எரிந்ததாக யாரும் சொல்லவில்லை. அதனால்தான் வெளிநாட்டில், வெளியூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களின் பிரதிகள் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று தமிழன் இருந்த இடமெல்லாம் போயின. டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தவர்கள், விநியோகஸ்தர்கள், சங்கங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் நம் உறவுக்குள்ளேயே உண்டு. ஓடி முடிந்த ஃபிலிமை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கிவிடுவது வழக்கம். தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் மிஞ்சியது என்பார்கள். அதுவும் கோர்ட் கேஸில் மாட்டி முடங்கியதால் தப்பித்தது.

ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். வட்டமான தகர டப்பா, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், துருப்பிடித்திருக்கும். ஃபிலிமின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓரத்தில் நைட்ரேட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கலாம். 1950-க்கு முந்தையது என்றால் நைட்ரேட்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டோ, தேன்போல நுரைத்தோ, பழுப்புப் பொடியாகவோ இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது, ரொம்ப ஆபத்தானது. பிரித்துப் பார்க்காதீர்கள். ஊதுபத்தி, அடுப்பு, மொட்டைமாடி வெயில் எதுவும் அருகில் வேண்டாம். காயலான் கடைக்காரருக்குப் போடாதீர்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துக்கொண்டும் கிளம்பாதீர்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் போட்டோ எடுத்து புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். எப்படிக் கையாள வேண்டும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மலேசியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.

டப்பா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய படத்தின் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், 1940-ல் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்டில் யாராவது பங்கு வாங்கியிருந்தால் அந்தப் பத்திரம், இவையும் கிடைக்கலாம். பங்குப் பத்திரம் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பணமதிப்பு ஒன்றும் இருக்காது. அந்த ஃபைலை மூடாமல் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று பார்க்க ஆசை.

வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், தங்கள் அப்பா, பெரியப்பா யாராவது அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னது உண்டா என்று கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கொட்டகை, என்ன பார்த்தார்கள் என்று சொன்னது சொன்னபடி எழுதி அனுப்புங்கள். வந்ததையெல்லாம் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.